செய்ய முடியாத வெருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலையில் பிரம்படியை நிறுத்தியதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். பிரம்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். பிரம்பு இருந்த காலத்திலும் அது போன பிறகும் எங்கள் வீடுகளில் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் பழக்கம் இன்னொன்று உண்டு. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடக்காது என்று நன்றாகத் தெரிந்த வெருட்டுத்தான் அது.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடும் பஸ்ஸில் அரை மணித்தியாலம் இருந்தால் காணலாம். "சும்மா இரி மகன், இல்லாட்டி இறக்கி விட்டுட்டுப் போயிருவன்." பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை யன்னலால் ஒருமுறை வெளியே பார்க்கிறான், தாயின் முகத்தைப் பார்க்கிறான், மறுபடி முன் சீற்றை உதைக்கிறான். களுவாஞ்சிகுடி வருவதற்குள் இறக்கிவிடுவது பொலிஸாகி, பொலிஸ் ஊசியாகி, ஊசி "வீட்ட வா, தோலை உரிக்கிறன்" என்று ஆகிவிடும். வீட்டுக்குப் போனால் ஒருவரும் தோலை உரிப்பதில்லை, சோறு போட்டுக் கொடுக்கிறார்கள். அம்மா சொல்வதும் நடப்பதும் வேறு வேறு என்று அவன் அந்த ஒரு பயணத்திலேயே படித்துவிடுகிறான்.

அதனால் அவனுக்கு எந்த வெருட்டும் விளங்காது என்றில்லை. உண்மையானது எது என்று அவன் கண்டுபிடித்து வைத்திருப்பான், ஆனால் அது சொல்லில் இருக்காது. தாய் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டு "அதை வை... வை எண்டு சொல்றன்... வைக்கிறியா இல்லையா" என்று ஐந்து தரம் சொல்லும்வரை பிள்ளை திரும்பியும் பார்ப்பதில்லை. ஆறாந்தரம் தேங்காய்ப் பாதியைத் தட்டில் வைக்கும் சத்தமும், திருவலையை விட்டு எழும்பும் சத்தமும் கேட்டவுடனே கையிலிருந்ததை வைத்துவிட்டு ஓடுகிறான். "அஞ்சு தரம் சொன்னாத்தான் கேப்பான்" என்று தாய் குறைப்படுவார். ஐந்து தரம் சொல்லும்வரை எதுவும் நடக்காது என்பதைப் பிள்ளை சரியாகக் கணக்கெடுத்திருக்கிறான் என்பதே உண்மை.

இதே கணக்கு அழுகையிலும் ஓடுகிறது. கடைக்கு முன்னால் டொபிக்கு அழும் பிள்ளைக்கு முதல் நிமிடத்திலேயே வாங்கிக் கொடுத்தால் ஒரு நிமிட அழுகையைப் பழக்குகிறோம். பத்து நிமிடம் "இல்லை, இல்லை" என்று நின்றுவிட்டு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்று பதினோராவது நிமிடத்தில் கொடுத்தால் பதினொரு நிமிட அழுகையைப் பழக்குகிறோம். ஒரு நாள் கொடுத்து, மூன்று நாள் கொடுக்காமல், பிறகு ஒரு நாள் கொடுத்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். எப்போதாவது கிடைக்கும் என்று தெரிந்த ஒன்றுக்காக மனிதர் விடாமல் முயற்சிப்பார்கள். லொத்தர்ச் சீட்டு விற்பவர்களுக்கு இது தெரியும். கொடுப்பதென்று முடிவெடுத்தால் அழ முதல் கொடுங்கள். இல்லையென்று சொன்னால் கடைசிவரை இல்லையாகவே இருக்கட்டும்.

இன்னுமொன்று. வழக்கமாகப் பலித்த அழுகை பலிக்காமல் போகத் தொடங்கும் முதல் சில நாட்களில் அது குறையாமல் கூடவும் கூடும். சத்தம் ஏறும், நிலத்தில் விழுந்து உருளுவான், முன்பு செய்யாத ஒன்றாகச் சாமானை எறிவான். "இந்த முறை சரிவராது, இன்னும் மோசமாப் போறான்" என்று பெற்றோர் கைவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். அந்த நேரத்தில் கைவிட்டால் எறிந்தால் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான். கூடுவது முறை தோற்றதன் அடையாளமில்லை என்று முதலே தெரிந்திருந்தால் நிற்கலாம். ஆகவே பரீட்சைக் காலத்திலோ, வீட்டில் கலியாணம் வைத்துக்கொண்டோ, மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவுக்குப் போகும் நாளிலோ இதைத் தொடங்கவேண்டாம். வீட்டில் ஆட்கள் குறைந்த, வேலை குறைந்த ஒரு கிழமையைப் பாருங்கள். எல்லாக் குழப்படியையும் ஒரேயடியாகப் பிடிக்காமல் ஒன்றை மட்டும் எடுங்கள். கலண்டரில் அந்தந்த நாளுக்கு எத்தனை தரம் நடந்தது என்று கோடு போட்டு வையுங்கள். கோடு போடாவிட்டால் குறைவது கண்ணுக்குத் தெரியாது, கூடுவது மட்டும் தெரியும்.

இனி வெருட்டுக்கு வருவோம். சொன்னதைச் செய்யவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அறிவுரையைக் கேட்டுவிட்டு, கோபத்தில் வாயில் வந்த பெரியதொன்றை வீம்புக்குச் செய்துமுடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பிழை. செய்வதா விடுவதா என்பது வாயைத் திறக்க முதல் தீர்மானிக்கவேண்டிய விடயம். நான் இதை இப்போது, இந்த இடத்தில், இன்னும் ஐந்து நிமிடத்துக்குள், களைப்போடும் செய்வேனா? ஆம் என்றால் மட்டும் சொல்லலாம்.

அந்த பஸ்ஸையே எடுங்கள். "காலைக் கீழ வை. இன்னொருக்கா உதைச்சா யன்னல் பக்கம் நான் இருப்பன்." இதைச் செய்யலாம். பிள்ளைக்கு யன்னல் பெரிய விடயம், தாய்க்கு எழும்பி இடம் மாறுவது அரை நிமிட வேலை. உதைத்தால் பேச்சில்லாமல் மாறி இருக்கவேண்டும். குருக்கள்மடம் தாண்டியதும் "இப்ப காலை ஒழுங்கா வெச்சிருக்கிறாய், வா" என்று யன்னலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தால்தான் ஆரையம்பதியில் மறுபடி உதைக்கும்போது எடுப்பதற்கு உங்களிடம் ஏதும் இருக்கும்.

"ஒரு மாசத்துக்கு போன் தரமாட்டன்" என்பது ஏன் தோற்கிறது என்பதும் இதுதான். மூன்றாம் நாள் தாய்க்குச் சமைக்கவேண்டும், பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், போன் கைக்குப் போய்விடுகிறது. ஒரு மாதம் மூன்று நாளானதை அவன் மறக்கமாட்டான். உண்மையாகவே ஒரு மாதம் பிடித்து வைத்தாலும் பயன் குறைவு. எல்லாம் போய்விட்டது, இனி ஒழுங்காக இருந்து என்ன என்று நினைப்பான். ஒழுங்காக நடந்து பார்ப்பதற்கு அவனுக்கு நாளையே இன்னொரு வாய்ப்பு வேண்டும். எட்டு வயதுக்கு "இன்று இரவு போன் இல்லை, நாளைக்கு வழக்கம்போல" என்பது போதும். நாலு வயதுக்கு அரை மணித்தியாலமே நீளம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு "பிறகு" என்ற சொல்லே கைக்கு எட்டாது. அந்த வயதில் வெருட்டு வேண்டாம், கையிலிருப்பதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் காட்டுங்கள்.

சொல்லும் முறையைப் படிப்படியாகச் சொல்வதானால் இப்படி. குசினியிலிருந்து கத்தவேண்டாம், கைக்கெட்டும் தூரத்துக்குப் போங்கள். பெயரைச் சொல்லி, முகம் திரும்பும்வரை நில்லுங்கள், சின்னப் பிள்ளையென்றால் குந்தி இருந்து கதையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "விளையாட்டுச் சாமானை எடுத்து வெச்சிட்டு, கை கழுவி, புத்தகத்தை எடு" என்றால் மூன்றும் நடக்காது. செய்யக்கூடாததைவிட, செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்: "ஓடாத" என்பதற்குப் பதில் "என்ட கையைப் பிடிச்சு நட". கேள்வியாகக் கேட்கவேண்டாம். "குளிக்கப் போவமா?" என்று கேட்டால் "இல்லை" என்பது நியாயமான பதில், அதற்குக் கோபப்பட முடியாது. சொன்ன பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், வாயால் எண்ணவேண்டாம். வாயால் எண்ணினால் பிள்ளை ஐந்துக்குக் காத்திருப்பான், நாங்களும் நாலு, நாலரை, நாலேமுக்கால் என்று இழுப்போம். அந்த ஐந்துக்குள் செய்யத் தொடங்கினால் "சொன்ன உடனே எடுத்து வெச்சிற்றாய்" என்று செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். தொடங்காவிட்டால் ஒரே ஒரு தரம், சத்தத்தை ஏற்றாமல்: "எடுத்து வைக்காட்டி, கார் அலுமாரிக்கு மேல போகும், இரவுச் சாப்பாடு முடியத்தான் வரும்." மறுபடி ஐந்து. பிறகு பேச்சில்லை. கார் அலுமாரிக்கு மேல் போகிறது.

போகும்போது விரிவுரை வேண்டாம். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். காரைத் தூக்கி வைத்துக்கொண்டே "எத்தின தரம் சொன்னனான், உன்ட வயசில நாங்க..." என்று தொடங்கினால் பிள்ளைக்குப் பத்து நிமிடக் கவனிப்புக் கிடைக்கிறது. நாள் முழுக்க வேலையில் இருக்கும் தாயிடமிருந்து அவனுக்குக் கிடைக்கும் நீளமான கவனிப்பு அதுவாகக்கூட இருக்கலாம். கத்தினாலும் கவனிப்புக் கவனிப்புத்தான்.

எதை எடுப்பது? செய்த குழப்படியோடு தொடர்புள்ளதை. தண்ணீரை ஊற்றினால் துணி எடுத்துத் துடைக்கவேண்டும். சைக்கிளை வளவுக்குள் ஓடச்சொல்லியும் பெரிய றோட்டில் ஏற்றினால் நாளை பின்னேரம் வரை சைக்கிளுக்குப் பூட்டு. பந்தை வீட்டுக்குள் அடித்தால் பந்து மேலே. சோற்றை, நித்திரையை, பாடசாலையை, கோயிலுக்கோ ஓதப் பள்ளிக்கோ போவதை எடுக்கவேண்டாம். வெளிநாட்டிலுள்ள தாய் தகப்பனோடு பேசும் நேரத்தையும் எடுக்கவேண்டாம்.

இடமும் பார்க்கவேண்டும். செங்கலடியிலிருந்து வீட்டார் பத்துப் பேர் வான் பிடித்துக் கல்லடிக் கடற்கரைக்கு வந்து, பாய் விரித்து, சாப்பாட்டுப் பொட்டலம் இன்னும் அவிழ்க்காத நேரத்தில் "மண்ணை எறிஞ்சா வீட்ட போயிருவம்" என்று சொல்லவேண்டாம். பத்துப் பேரும் போகப்போவதில்லை. "மண்ணை எறிஞ்சா மூணு நிமிசம் பாயில என்னோட இருக்கவேணும்" என்று சொல்லுங்கள். எறிந்தவுடன் கையைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்துங்கள், மூன்று நிமிடத்தில் விடுங்கள், பத்துத் தரம் எறிந்தால் பத்துத் தரமும் அதையே செய்யுங்கள். நாலாந்தரத்துக்குப் பிறகு எங்களுக்குத்தான் அலுக்கும். அலுப்பை முகத்தில் காட்டாமல் ஐந்தாந்தரமும் கொண்டுவந்து இருத்தும்போதுதான் பிள்ளை எங்களை அளந்து முடிக்கிறான்.

வீட்டில் ஒதுக்கி இருத்துவதற்கும் அளவு உண்டு. மூன்று வயதுக்குமேல், வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. நாலு வயதுக்கு நாலு நிமிடம், நாற்பது நிமிடமில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு கதிரை போதும். கக்கூசுக்குள் அடைப்பது, இருட்டறை, வெயிலில் முட்டுக்காலில் நிறுத்துவது, படலைக்கு வெளியே விட்டுப் பூட்டுவது எதுவும் இதில் சேராது. அவையெல்லாம் பயப்படுத்தும், பழக்காது. இருக்கும் நேரத்தில் ஒருவரும் அவனோடு கதைக்கக்கூடாது, மச்சான் மச்சாள்மார் வந்து சிரிக்கக்கூடாது. கடைசிச் சில விநாடி அமைதியாக இருந்தால் எழுப்பலாம். எழுப்பிய பிறகு முதலில் சொன்ன வேலையை மறுபடி சொல்லவேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாமானை எடுத்து வைக்க மறுத்தவன் கதிரையில் நாலு நிமிடம் இருந்துவிட்டு விளையாடப் போனால், நாலு நிமிடத்துக்கு ஒரு வேலையிலிருந்து தப்பியிருக்கிறான். மலிவான விலை.

இனி அம்மம்மாவின் கதவு. எங்கள் பகுதியில், தமிழ் வீடென்றாலும் முஸ்லிம் வீடென்றாலும், பெண் பிள்ளைக்குக் கொடுத்த வீடு தாயின் வளவிலோ பக்கத்திலோதான் இருக்கும். தாய் அலுமாரிக்கு மேல் வைத்த காருக்குப் பதிலாக, பத்து அடி தள்ளி அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ பிஸ்கட் கிடைக்கும். கூடவே "பாவம் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்" என்ற சொல்லும் கிடைக்கும். பிஸ்கட்டால் சேதமில்லை, சொல்லால்தான் சேதம். அம்மம்மாவோடு எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்து வெல்ல முடியாது, வெல்லத் தேவையுமில்லை. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளை நித்திரையான பிறகு இருந்து மூன்றே மூன்று விடயத்தில் உடன்படட்டும்: அடிப்பது கடிப்பது, றோட்டுக்கு ஓடுவது, போன் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தில் அம்மம்மா தன் விருப்பத்துக்குச் செல்லம் கொடுக்கட்டும். யார் சொன்னாரோ அவரே அதை முடித்து வைக்கவேண்டும். இன்னொருவர் சொன்னது பிழையென்று பட்டால் பிள்ளைக்கு முன்னால் மாற்றவேண்டாம், பிறகு கதைக்கலாம். அடிக்கக் கை ஓங்கும்போது மட்டும் இதற்கு விதிவிலக்கு.

"வாப்பா கட்டாரால வரட்டும், சொல்றன்" என்பது தூர வெருட்டு. வாப்பா வர இன்னும் பதினாலு மாதம் இருக்கும். பிள்ளைக்கு அது பதினாலு வருடம். அதற்குள் வட்ஸ்அப் அழைப்பில் தினமும் முறைப்பாடு போகும். கொஞ்ச நாளில் போன் அடித்தாலே பிள்ளை பின் வளவுக்குப் போய்விடுவான். மாதக்கணக்கில் முகம் காணாத தகப்பனை வீட்டுப் பொலிஸாக்கிவிட்டு, வந்து இறங்கும் நாளில் "ஏன் கிட்ட வாறானில்லை" என்று கேட்பதில் நியாயமில்லை. அழைப்பில் முதலில் பிள்ளையே பேசட்டும், குறை கடைசியில், பிள்ளை எழும்பிப் போன பிறகு. தகப்பன் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றுண்டு. "நான் அங்க இல்லாத நேரம் உம்மம்மா சொல்றதுதான் என்ட சொல்லும்" என்று பிள்ளையிடம் நேரே சொல்வது.

பொலிஸ், ஊசி, ஆமிக்காரன், பிள்ளைபிடிகாரன் என்ற நாலையும் அடியோடு விடச் சொல்வோம். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைச் சனத்துக்குள் கை விட்டுப்போகும் பிள்ளை யாரிடம் போகவேண்டும்? சீருடையில் நிற்பவரிடம். ஆனால் அவரைக் கண்டால் ஓடும்படி நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். மூன்று வயதில் எம்.எம்.ஆர். தடுப்பூசி, ஐந்து வயதில் இன்னொன்று என்று கிளினிக்குக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு ஊசியைத் தண்டனையாகச் சொல்லி வைத்தால், கிளினிக் வாசலில் நாலு பேர் பிடிக்கவேண்டி வரும். மற்ற இரண்டையும் பற்றி இந்த மாவட்டங்களில் அதிகம் விளக்கத் தேவையில்லை. கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்களின் படம் சுவரில் தொங்கும் வீடுகளில் அது விளையாட்டு வெருட்டில்லை.

இப்போது பிரம்பு. பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்கீழ் குற்றம். சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேலைசெய்யும் விதத்தைப் பார்த்தாலும் கணக்குச் சரிவராது. அடித்தவுடன் குழப்படி நின்றுவிடும், அதனால் பழகுவது அடிப்பவரின் கை. பூவரசங்கம்பைக் காட்டினால் போதுமாக இருந்தது, பிறகு ஓங்கவேண்டி வரும், பிறகு ஒரு அடி, பிறகு தழும்பு. ஐம்பது வருட ஆய்வுகளை, 160,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைச் சேர்த்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட தொகுப்பில், அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக்குழப்பங்களும் கூடக் காணப்பட்டன, சொல் கேட்பது கூடியதாகக் காணப்படவில்லை. தம்பிக்கு அடித்ததற்காக அண்ணனுக்கு அடிக்கும்போது அண்ணன் எதைப் படிக்கிறான் என்று யோசித்தால் இது ஆச்சரியமில்லை.

பதின்மூன்று, பதினாலு வயதுக்கு மேலே சொன்ன கதிரையும் அலுமாரியும் பொருந்தாது. அவர்களோடு முன்கூட்டியே பேசி எழுதி வைக்கவேண்டும்: இரவு ஒன்பது மணிக்கு போன் அம்மாவின் அறையில் சார்ஜில் போடப்படும், போடாவிட்டால் அடுத்த நாள் எட்டு மணிக்கு. ரியூசன் முடிந்து எத்தனை மணிக்குப் படலைக்குள் நிற்கவேண்டும், பிந்தினால் அடுத்த நாள் எவ்வளவு குறையும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அனேகமாக எங்களைவிடக் கடுமையாகச் சொல்வார்கள், அதைக் குறைத்துப் போடும் வேலைதான் எங்களுக்கு. சொந்தக்காரருக்கு முன்னால் ஏசவேண்டாம். அந்த வயதில் அதற்குக் கிடைக்கும் பதில் பூட்டிய கதவு.

கோபத்தில் பெரிய வெருட்டு வாயிலிருந்து போய்விட்டால்? போகும். யாருக்கும் போகும். மெதுவாக மறந்துபோகவிடவேண்டாம், அதுதான் சொல்லைக் கெடுப்பது. சில நிமிடத்துக்குள் திருத்துங்கள்: "ஹொஸ்டல்ல விடுவன் எண்டு சொன்னது கோபத்தில. அது செய்யமாட்டன். செய்யப்போறது இதுதான், இண்டைக்கு ரீவி இல்லை." இது தோல்வியில்லை. அம்மா கடைசியில் சொன்னது நடந்தது என்பதைப் பிள்ளை குறித்துக்கொள்வான்.

இவ்வளவும் சுகமான, வயிறு நிறைந்த, நித்திரை கொண்ட பிள்ளைக்கு. பின்னேரம் ஐந்து மணிக் குழப்படியில் பாதி பசி. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதியுங்கள். வயதுக்கேற்ற பேச்சு வராத பிள்ளையைக் உங்கள் பிரிவுக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது மிட்வைப் அம்மாவிடம், காட்டுங்கள், அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வழிகாட்டுவார். ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், படுக்கையில் சிறுநீர் போகத் தொடங்கினால், குறிப்பிட்ட ஒருவரிடம் போக மறுத்தால் அதைக் குழப்படி என்று தண்டிக்கவேண்டாம். தனியாக இருத்தி மெதுவாகக் கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எந்த நேரமும் எடுக்கலாம், காசில்லை.

இப்படிக்கு,
குடும்ப ஆலோசனை வேலையில் இருக்கும் இருவர்,
மட்டக்களப்பு – கல்முனை